மழலை வினைகள்: ‘நோ சாபோ’ முதல் ‘உடைஞ்சுருச்சு’ வரை

வாசகர் கேள்வி – பதில்

ஸ்பானிஷ் பேசும் குழந்தைகள் வினைச்சொற்களை எப்படிக் கற்கிறார்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். இலக்கண விதியை மொத்தமாகப் பிடித்துக்கொண்டு எல்லா வினையிலும் பொருத்துவதில்லை; காதில் அதிகம் விழுந்த வடிவம் எதுவோ அதை, வினைக்கு வினை தனித்தனியாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அதன் சாரம். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நம் வீட்டுத் தமிழ் பற்றியவை. எதிர்பார்த்ததுதான்.

*

கேள்வி: மகள் குடும்பம் மாட்ரிட்டில் இருக்கிறது. பேரனுக்கு மூன்று வயதும் இரண்டு மாதமும். ‘எனக்குத் தெரியாது’ என்பதற்கு அழகாக ‘நோ சே’ என்று சொல்லிக்கொண்டிருந்தவன், இப்போது ‘நோ சாபோ’ என்கிறான். வீட்டில் தமிழ் பேசுவதால்தான் ஸ்பானிஷ் கெடுகிறது, தமிழை நிறுத்துங்கள் என்கிறார் மருமகன். வீடியோ காலில் நான் அவனிடம் எப்படிப் பேசுவது?
– வாசகி, அண்ணா நகர், மதுரை

பதில்: தமிழை நிறுத்தாதீர்கள். ‘சாபோ’வுக்கும் தமிழுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஸ்பானிஷ் தவிர வேறு மொழியே காதில் விழாத மாட்ரிட் குழந்தைகளும் இதையே சொல்கிறார்கள்.

தமிழைப் போலவே ஸ்பானிஷிலும் வினையின் விகுதி ஆளைக் காட்டிவிடும். கோமோ என்றால் சாப்பிடுகிறேன்; கோமெஸ், சாப்பிடுகிறாய்; கோமெ, சாப்பிடுகிறான் அல்லது சாப்பிடுகிறாள். ‘தெரியும்’ என்ற பொருளில் வரும் வினையும் சாபெஸ், சாபெ என்று அதே வரிசையில்தான் போகிறது. தன்மை ஒருமையில் மட்டும் சாபோ என்று வராமல் ‘சே’ என்று நிற்கும். கோமெஸுக்குக் கோமோ என்றால் சாபெஸுக்குச் சாபோதானே வரவேண்டும்? உங்கள் பேரன் போட்ட கணக்கு சரி. வழக்குதான் அந்த ஓர் இடத்தில் கணக்கை மீறி நிற்கிறது.

முன்பு அவன் சொன்ன ‘நோ சே’ ஒரே கட்டாகக் கேட்டு, ஒரே கட்டாகச் சொன்னது. அதற்குள் வினை ஒன்று இருப்பது அப்போது அவனுக்குத் தெரியாது. இப்போது பகுதியையும் விகுதியையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டான். அதனால் வெளியே பார்க்கப் பின்னடைவு போலத் தெரிகிறது. இதே கட்டத்தில் ‘உடைந்த’ என்பதற்கு ரோத்தோ என்று சொல்லாமல் ரொம்பீதோ என்பார்கள்; ‘வைத்த’ என்பதற்குப் புவெஸ்தோவை விட்டுவிட்டுப் போனீதோ என்பார்கள்; ‘என்னிடம் இருக்கிறது’ என்ற தெங்கோ, தேனோ ஆகிவிடும். ஒன்றரை வயதைத் தாண்டிய சிறுசுகள் முதல் நாலரை வயதுப் பிள்ளைகள் வரை 15 குழந்தைகளின் பேச்சை அலசி 2002இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஒழுங்கான விகுதிகள் ஒழுங்கற்ற வினைகள் மேல் ஏறுகின்றன, ஒழுங்கற்ற வடிவம் ஒழுங்கான வினை மேல் ஏறுவதில்லை என்பது அதில் தெரிந்த முக்கியமான சங்கதி. குழந்தை கண்டபடி குழப்பிக்கொண்டால் இரண்டு பக்கமும் அல்லவா பிழை வரவேண்டும்?

உங்கள் மகள் செய்ய வேண்டியது சின்ன வேலை. அவன் ‘நோ சாபோ’ என்றதும், ‘நோ லோ சாபெஸ்? யோ தம்போகோ லோ சே’ (உனக்குத் தெரியாதா? எனக்கும் தெரியாது) என்று பதில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர வேண்டும். சரியான வடிவம் அவன் காதில் விழும், பேச்சும் அறுபடாது. ‘அப்படிச் சொல்லாதே, சே சொல்லு’ என்று நிறுத்தித் திருத்தினால், பெரும்பாலான பிள்ளைகள் ஒரு தரம் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த நிமிடமே சாபோவுக்குப் போய்விடுவார்கள். சேயும் சாபோவும் கொஞ்ச காலம் கலந்து வரும். நாலு, ஐந்து வயதிலும் எப்போதாவது தலைகாட்டினால் பதற வேண்டாம். (அமெரிக்காவில் ஸ்பானிஷ் சரளமாக வராத லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகளை ‘நோ சாபோ கிட்ஸ்’ என்று கேலி செய்வார்கள். மருமகனின் பயம் ஒருவேளை அங்கிருந்து வந்திருக்கலாம். மூன்று வயதுப் பையனுக்கு அந்தப் பேச்சு பொருந்தாது.)

இனி உங்கள் பங்கு. 24 முதல் 30 மாதக் குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. நேரில் சொன்னபோதும் கற்றார்கள், நேரலை வீடியோ காலில் சொன்னபோதும் கற்றார்கள், பதிவு செய்த வீடியோவில் கற்கவில்லை. திரையில் இருப்பவர் குழந்தையின் செயலுக்கும் பேச்சுக்கும் உடனுக்குடன் பதில் கொடுப்பதுதான் வித்தியாசம். எனவே பாட்டு வீடியோக்களை அனுப்புவதைக் குறைத்துவிட்டு நேராகப் பேசுங்கள். ‘சாப்டியா? என்ன சாப்ட்ட?’ என்ற விசாரிப்பு இரண்டு நாளில் சலித்துவிடும். கையில் ஒரு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயத்தைத் திரைக்கு நேரே காட்டி, ‘ஆச்சி உரிக்கப் போறேன்’ என்று சொல்லுங்கள், உரித்துக்கொண்டே ‘உரிக்கிறேன்’, முடித்ததும் ‘உரிச்சிட்டேன்’. அடுத்ததை எடுத்து ‘இதையும் உரிக்கவா?’ என்று கேட்டுவிட்டு, அவன் ஏதாவது சொல்லும்வரை வாயைத் திறக்காதீர்கள். நெட் தாமதத்தையும் சேர்த்து ஐந்து விநாடியாவது காத்திருக்க வேண்டும். பாட்டிமார் எல்லோருக்கும் இதுதான் கஷ்டம்.

இரண்டு மொழியும் ஒரே மாதிரி நடக்கிற இடம் ஒன்று உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. ‘எனக்கு ஐஸ்கிரீம் பிடிக்கும்’ என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதைப் போலவே ‘மே குஸ்தா’ (எனக்குப் பிடிக்கும்) என்பதிலும் விரும்புகிறவர் எழுவாய் அல்ல. ஆங்கிலக்காரர்கள் ஸ்பானிஷ் படிக்கும்போது தடுக்கி விழுகிற இடம் இது. உங்கள் பேரனுக்கு இரண்டு பக்கமும் பழகிய வழி. ‘உனக்கு என்ன பிடிக்கும்?’ என்று தாராளமாகக் கேளுங்கள்.

*

கேள்வி: மகளுக்கு இரண்டு வயதும் இரண்டு மாதமும். ‘குடு, வா, போ, எந்திரி’ எல்லாம் சொல்கிறாள். தன்னைப் பற்றிப் பேசும்போது ‘பாப்பா சாப்பிடும், பாப்பாக்கு வேணும்’ என்கிறாள். ‘நான் சாப்பிடுறேன்’ என்று எப்போது வரும்? ஸ்பானிஷ் குழந்தைகளும் இப்படித்தானா?
– ஒரு தாய், திருமங்கலம்

பதில்: கிட்டத்தட்ட இப்படித்தான். அவர்களிடமும் முதலில் வருபவை ஏவல் வடிவங்களும் படர்க்கை ஒருமையும். ‘தாமே’ (எனக்குக் கொடு), ‘மீரா’ (பார்), ‘ஆப்ரே’ (திற) போன்றவை. தன்னைச் சொல்லவும் ‘நேனே’ (பாப்பா) என்று போட்டுப் படர்க்கை வினையைச் சேர்ப்பார்கள். ‘எனக்கு வேண்டும்’ என்ற கியேரோ மட்டும் தன்மையில் சீக்கிரமே வந்துவிடும். அதன் தேவை அப்படி!

ஆராய்ச்சியாளருக்கு ஸ்பானிஷில் ஒரு சங்கடம். நட்போடு ஒருவரிடம் சொல்லும் ஏவலும் படர்க்கை ஒருமையும் ஒழுங்கான வினைகளில் ஒரே ஒலி. ஆப்ரே என்றால் ‘திற’ என்றும் பொருள், ‘திறக்கிறான்’ என்றும் பொருள். குழந்தை எதை நினைத்துச் சொன்னது என்று சூழலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தமிழில் ஏவல் வெறும் பகுதியாகவே நிற்பதால் நமக்கு அந்தத் தொல்லை குறைவு.

‘நான்’ வர வேண்டும் என்று நாள் குறிக்க முடியாது. நீங்களே அவளிடம் ‘பாப்பா சாப்பிடுமா? அம்மா ஊட்டவா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தால் அவள் அதையே திருப்பித் தருவாள். ‘நீ சாப்பிடுறியா? நான் ஊட்டவா?’ என்று சில வேளைகளிலாவது மாற்றிக் கேளுங்கள். ‘நீ’ என்று கேட்டால் அவளும் முதலில் ‘நீ’ என்றே திருப்பிச் சொல்லக்கூடும். பெரியவர்கள் இருவர் தங்களுக்குள் ‘நான், நீ’ போட்டுப் பேசுவதைப் பார்க்கப் பார்க்க அது நேராகும்.

வினை உண்மையிலேயே கைவசமாகிவிட்டதா, கேட்டதைச் சொல்கிறாளா என்று பார்க்க ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒரே வினை இரண்டு வெவ்வேறு விகுதிகளில் வர வேண்டும் (சாப்பிடும், சாப்ட்டேன்). ஒரே விகுதி இரண்டு வெவ்வேறு வினைகளில் வர வேண்டும் (சாப்ட்டேன், குளிச்சேன்). இரண்டும் நடந்தால்தான் அந்த விகுதி அவளுடையது. ‘வேணாம்’ என்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது மாறாமல் நிற்கிற சொல்.

*

கேள்வி: இரண்டரை வயது மகன் டம்ளரைத் தூக்கி எறிந்து உடைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து ‘உடைஞ்சுருச்சு’ என்கிறான். ‘நான் உடைச்சேன்’ என்று சொல்ல வைக்க முடியவில்லை. இந்த வயதிலேயே பொய்யா?
– ஒரு தந்தை, மேலூர்

பதில்: பொய் சொல்ல, நடந்ததை மறைக்கும் எண்ணம் வேண்டும். உங்கள் மகன் தன் கண்ணுக்குத் தெரிந்த முடிவைச் சொல்கிறான், அவ்வளவே. ஸ்பானிஷ் குழந்தைகளிடம் முதன்முதலாக வரும் இறந்தகால வடிவங்களைப் பாருங்கள்: ‘சே காயோ’ (விழுந்துருச்சு), ‘சே ரொம்பியோ’ (உடைஞ்சுருச்சு), ‘சே அகாபோ’ (தீர்ந்துருச்சு). எல்லாமே சட்டென்று நடந்து முடிந்து, முடிவு கண்ணெதிரே கிடக்கிற செயல்கள். ‘இருந்தது, தெரிந்தது’ போன்ற நீடிக்கும் நிலைகளுக்கு ஸ்பானிஷில் வேறோர் இறந்தகாலம் உண்டு. அது பிந்தி வரும். தமிழ்ப் பிள்ளைகள் வாயில் சீக்கிரமே ஒட்டிக்கொள்ளும் ‘போயிருச்சு, தீந்துருச்சு, விழுந்துருச்சு’ எல்லாமும் இதே ஜாதி.

அடுத்து, ‘உடைஞ்சு’க்கும் ‘உடைச்சு’க்கும் நடுவே உள்ள தூரம். பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதுதான். உடைஞ்சுச்சு – உடைச்சான், கிழிஞ்சுச்சு – கிழிச்சான், நனைஞ்சுச்சு – நனைச்சான் என்று ஒரு வகை. இதில் ‘ஞ்ச’ இருந்தால் தானாக நடந்தது, ‘ச்ச’ இருந்தால் ஒருவர் செய்தது. உருண்டுச்சு – உருட்டுனான், மடங்குச்சு – மடக்குனான், திரும்புச்சு – திருப்புனான் என்று இன்னொரு வகை. மெல்லினம் வல்லினமாக மாறும் இந்த நுணுக்கத்தைப் பிடிக்க, குழந்தை இரண்டையும் ஒரே சூழலில் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? உடைந்ததும் அடி விழுகிறது அல்லது கத்தல் விழுகிறது. வினைச்சொல் விழுவதில்லை.

ஸ்பானிஷில் இந்த வேலையை ‘சே’ என்ற ஒட்டுச்சொல் செய்கிறது (‘நோ சே’யில் வந்த சே வேறு, இது வேறு). ரொம்பியோ என்றால் உடைத்தான். முன்னால் சே சேர்ந்தால் உடைந்தது. வசதியான ஏற்பாடுதான். ஆனால் ‘விழு’ என்ற வினைக்கு அப்படிப் பிறவினை கிடையாது. ‘கீழே போடு’ என்பதற்குத் தனி வினை வேண்டும். அது தெரியாத சில பிள்ளைகள் ‘நான் அதை விழுந்தேன்’ என்ற மாதிரி விழுதலையே பிறவினையாக ஆக்கிவிடுகிறார்கள். ஸ்பெயினின் மேற்குப் பகுதிகளில் பெரியவர்களே அப்படிப் பேசுவது உண்டு என்பதால், அங்கே வளரும் பிள்ளையிடம் இதைப் பிழை என்று எழுதிவிட முடியாது.

வீட்டில் செய்ய: உடைகிற சாமானை வைத்துப் பாடம் நடத்தாதீர்கள். பழைய செய்தித்தாள் போதும். ‘அப்பா கிழிக்கப் போறேன்… கிழிச்சேன்… பாரு, கிழிஞ்சுருச்சு. இப்ப நீ கிழி. யாரு கிழிச்சா?’ அவன் ‘பாப்பா’ என்றாலும் போதும்; ‘ஆமா, நீ கிழிச்ச’ என்று முடியுங்கள். செயல் நடப்பதற்குச் சற்று முன்னால் வினையைச் சொல்வது, நடந்துகொண்டிருக்கும்போது சொல்வதைவிட வினை கற்க உதவுகிறது என்று 1992லேயே காட்டியிருக்கிறார்கள். நடக்கும்போது குழந்தை வேடிக்கை பார்ப்பதில் மூழ்கிவிடும். இன்னொன்று: ஒரே நாளில் எட்டுத் தடவை சொல்வதைவிட, நாலு நாளைக்கு இரண்டிரண்டு தடவை சொன்னால் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நன்றாக நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் உட்கார்ந்து கற்பிக்கிற அப்பாக்கள் கவனிக்க.

உடைத்ததற்குக் கண்டிக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. கண்டியுங்கள். இலக்கணத்துக்காகக் கண்டிக்காதீர்கள்.

*

கேள்வி: எல்.கே.ஜி. படிக்கும் பேத்தி ‘ஜம்ப் பண்றேன், டிரா பண்றேன், கட் பண்ணு’ என்றே பேசுகிறாள். தமிழ் வினையே வராமல் போய்விடுமோ?
– வாசகர், வில்லாபுரம்

பதில்: ‘பண்ணு’ ஒரு சுலபமான வழி. எந்தச் சொல்லையும் முன்னால் வைத்துவிட்டுப் பண்ணுவுக்கு மட்டும் விகுதி போட்டால் போதும். ஸ்பானிஷிலும் இது உண்டு: பெலீஸ் நாட்டிலும் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவிலும் ‘செய்’ என்ற அசேர் வினையோடு ஆங்கில வினையைச் சேர்த்துப் பேசுகிறார்கள். மற்ற இடங்களில் வருகிற புதுச்சொற்கள் ‘ஆர்’ என்று முடியும் பெரிய கூட்டத்தில் போய்ச் சேர்ந்துகொள்கின்றன. சாட்டேயார், கூகிளேயார் என்பது போல.

பேத்தியின் மூளைக்கு இதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. நட்டம் வேறு இடத்தில். தமிழ் இறந்தகாலம் வினைக்கு வினை மாறும்: குதி – குதிச்சேன், வரை – வரைஞ்சேன், வெட்டு – வெட்டுனேன், நட – நடந்தேன், சுடு – சுட்டேன், நில் – நின்னேன். இந்த வகைகளைக் கேட்டால்தான் வரும். எல்லாம் ‘பண்ணுனேன்’ என்று முடிந்தால் கேட்க வழியில்லை.

அடுப்படிதான் இதற்குச் சரியான இடம். உரி, நறுக்கு, கிள்ளு, ஆய், அலசு, களை, வடி, பிசை, கரை, தட்டு, தாளி, இறக்கு, ஆத்து. இதில் ஒன்றுக்குக்கூட நாம் ‘பண்ணு’ போடுவதில்லை, கவனித்தீர்களா? அரிசி களையும்போது அவளை ஒரு ஸ்டூலில் ஏற்றி நிறுத்துங்கள். உங்கள் பக்கம் வீட்டிலேயே பூக் கட்டுகிறவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. கொட்டு, பிரி, எடு, வை, சுத்து, இறுக்கு, நறுக்கு என்று ஒரு முழம் மல்லிகைக்குள் ஏழு வினை வந்துவிடும்.

*

கேள்வி: என் பையன் ‘அம்மா வந்துச்சு, அக்கா சொல்லுச்சு’ என்கிறான். அம்மாவை அஃறிணையில் சொல்லலாமா என்று ஆசிரியை கண்டித்தாராம்.
– வாசகி, சோழவந்தான்

பதில்: மதுரை வட்டாரத்தில் அம்மா, அக்கா, ஆத்தா, சின்னம்மா வரும்போது ‘வந்துச்சு’ என்பது பெரியவர்களின் பேச்சு, உரிமையோடு சொல்வது. பையன் கேட்டதைச் சரியாகப் பிடித்திருக்கிறான். ஒரு மாலை முழுவதும் வீட்டுப் பெரியவர்கள் வாயில் வருவதை எண்ணிப் பாருங்கள், புரியும். ‘அப்பா வந்துச்சு’ என்றும் சொன்னால் அது அவன் கூட்டிக்கொண்டது. பள்ளிக்கு ‘அம்மா வந்தாங்க’ என்று இன்னொரு வடிவமும் உண்டு என்று சொல்லிக்கொடுங்கள். வீட்டு வடிவத்தை அழித்துவிட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. ‘போச்சு’ இருக்க ‘போனுச்சு’ என்கிறானே என்று அடுத்த கடிதம் எழுத நினைத்திருந்தால், அதையும் நம் ஊர்ப் பெரியவர்களே சொல்கிறார்கள்.

*

கேள்வி: ‘நீ டீச்சராம், நான் பிள்ளையாம்’ என்று பிள்ளைகள் விளையாடும்போது வரும் ‘ஆம்’ எங்கிருந்து வந்தது? வேறு மொழிகளில் உண்டா?
– வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: ‘மழை வருமாம்’ என்று கேள்விப்பட்டதைச் சொல்ல நாம் சேர்க்கிற அதே ‘ஆம்’. இது என் கண்ணால் பார்த்த நிஜம் இல்லை என்று பொறுப்பைக் கழற்றி வைக்கிற விகுதி என்பதால், பாவனை விளையாட்டுக்கு அப்படியே பொருந்திவிட்டது. ஸ்பானிஷ் பிள்ளைகள் இதே வேலைக்கு இறந்தகாலத்தை எடுக்கிறார்கள். ‘யோ ஏரா லா மமா’, அதாவது ‘நான் அம்மாவாக இருந்தேன்’ என்று சொல்லித்தான் விளையாட்டைத் தொடங்குவார்கள். அதுவும் முன்பு சொன்னோமே, நீடிக்கும் நிலைகளுக்கான அந்த இறந்தகாலம். நேற்று நடந்ததைச் சொல்வதற்காக வந்த வடிவத்தை, நிஜத்திலிருந்து விலகி நிற்கவும் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

*

கேள்வி: இரண்டு வயது முடிந்துவிட்டது. ‘அம்மா, அத்தா, தா, போ’ தவிர ஒன்றும் இல்லை. ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும், மூன்று வயது வரை பொறு என்கிறார்கள்.
– ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: பொறுக்க வேண்டாம். இரண்டு வயதில் 50 சொற்களுக்குக் குறைவாக இருந்து, இரண்டு சொற்களைச் சேர்த்தும் (‘பால் குடு’, ‘அப்பா போ’) பேசவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது காது. கூப்பிட்டால் திரும்புகிறான் என்பது போதாது; கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிற பிள்ளைக்கும் பேச்சொலிகள் சரியாகக் கேட்காமல் இருக்கலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டல் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். உள்காது ஒலிக்குப் பதில் தருகிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ. என்ற சோதனைக்குச் சில நிமிடம்தான் ஆகும், வலிக்காது. ஒலி காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனை வேண்டும் என்றால் குழந்தை தூங்க வேண்டியிருக்கும். தூக்கம் வருகிற நேரமாகப் பார்த்துக் கூட்டிப்போங்கள். அங்கன்வாடிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் நலத் திட்டம்) மருத்துவக் குழுவிடமும் காட்டலாம், இலவசம். இரண்டு மொழி கேட்பது, ஆண் பிள்ளையாக இருப்பது எதுவும் இவ்வளவு தாமதத்துக்குக் காரணம் ஆகாது. பேசிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுபோனால் எந்த வயதிலும் உடனே பார்க்க வேண்டும்.

*

கேள்வி: முதுகலை ஆய்வேட்டுக்காக இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் வினை வளர்ச்சியைப் பதிவு செய்ய நினைக்கிறேன். ஸ்பானிஷ் ஆய்வுகளின் முறையைத் தமிழுக்கு எடுக்கலாமா? எப்படித் தொடங்குவது?
– மாணவி, நாகமலை புதுக்கோட்டை

பதில்: எடுக்கலாம், கொஞ்சம் மாற்றி.

முதலில் ஏற்கனவே இருப்பதைப் பாருங்கள். 1984இல் பிரையன் மக்வின்னியும் கேத்தரின் ஸ்னோவும் தொடங்கிய சைல்ட்ஸ் என்ற குழந்தைப் பேச்சுத் தரவுத்தளத்தில் ஸ்பானிஷ் குழந்தைகளின் உரையாடல்கள் நிறைய, இலவசமாகக் கிடைக்கின்றன. அதே இடத்தில் தமிழும் இருக்கிறது. ஒரு பெண் குழந்தையின் பேச்சைப் பதிந்து கொடுத்தவர் ஆர். நரசிம்மன், டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்தியாவின் ஆரம்பகாலக் கணினியான டிஃப்ராக்கை வடிவமைத்த குழுவை நடத்தியவர். கணினிக்காரர் மழலைக்கு வந்தது தமிழுக்கு லாபம். அதை முதலில் இரண்டு வாரம் படியுங்கள்.

பதிவு: பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரத்தைவிட, வாரம் ஒரு முறை அரை மணி நேரம் நல்லது. குழந்தை தூங்கி விழித்துச் சாப்பிட்ட பிறகு. மொபைல் போதும், ஆனால் குழந்தையிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும். மின்விசிறி, மிக்சி, சீரியல் இந்த மூன்றும்தான் மதுரை வீட்டுப் பதிவைக் கெடுப்பவை. ‘ஞ்ச’வா ‘ச்ச’வா என்று பிரித்துக் கேட்க வேண்டிய இடத்தில் விசிறி ஓடினால் போச்சு. ஒரு மணி நேரப் பதிவை எழுத 10 மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டு நாளுக்குள் எழுதி, புரியாத இடத்தைத் தாயிடம் கேட்டுவிட வேண்டும்; வாரம் கடந்தால் அவருக்கே நினைவு இருக்காது. வயதை 2;3.15 என்று குறிப்பது வழக்கம்: இரண்டு வருடம், மூன்று மாதம், பதினைந்து நாள்.

கூடவே தாயிடம் ஒரு நோட்டுக் கொடுங்கள். குழந்தை ஒரு நாளில் 10 மணி நேரம் விழித்திருந்தால் வாரத்துக்கு 70 மணி நேரம். நீங்கள் பதிவது அதில் அரை மணி. அரிதாக வரும் வடிவங்கள் அந்த வலையில் சிக்காது. நோட்டில் தேதி, குழந்தை சொன்னது சொன்னபடி, அதற்கு முன் பெரியவர் சொன்னது, என்ன நடந்துகொண்டிருந்தது என்று நாலு பத்தி போதும். ‘சொன்னபடி’ என்பதை அடிக்கோடிடுங்கள். தாய்மார் தம்மையறியாமல் திருத்தி எழுதிவிடுவார்கள்.

குறியீடு: ஒவ்வொரு வினைக்கும் பகுதி, காலம், விகுதி, உண்மையில் வரவேண்டிய விகுதி. முந்தைய ஐந்து வரிக்குள் பெரியவர் அதே வடிவத்தைச் சொல்லியிருந்தால் தனியாகக் குறியுங்கள், எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

கணக்கில்தான் பலர் வழுக்குகிறார்கள். ‘மொத்தப் பிழை 3 சதவீதம், எனவே குழந்தைக்கு விகுதி முழுக்கத் தெரியும்’ என்று எழுதிவிடுவார்கள். கற்பனையாக ஒரு கணக்கு: 1000 வினைகளில் 960 அடிக்கடி வரும் வடிவங்கள், பிழை 14. மிச்சம் 40 படர்க்கைப் பன்மை, பிழை 16. மொத்தம் 30, அதாவது 3 சதவீதம். பன்மையை மட்டும் பார்த்தால் 40 சதவீதம்! இரண்டு ஸ்பானிஷ் குழந்தைகளைப் பற்றி அகுவாதோ-ஒரேயாவும் பைனும் 2015இல் வெளியிட்ட ஆய்வின் மையமே இதுதான். மொத்தத்தில் பிழை மிகக் குறைவு. அரிதாக வரும் படர்க்கைப் பன்மையில் மட்டும் குவிந்து கிடந்தது. ‘கோமென்’ (சாப்பிடுகிறார்கள்) வரவேண்டிய இடத்தில் பழகிய ‘கோமெ’யைப் போட்டார்கள். எனவே ஒவ்வொரு விகுதிக்கும் தனித்தனியாகச் சதவீதம் போடுங்கள். 10 முறைக்குக் குறைவாக வந்த விகுதிக்குச் சதவீதம் போடாமல் எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள்.

ஸ்பானிஷ் முடிவை அப்படியே தமிழில் எதிர்பார்க்க முடியாத இடமும் இதுவே. நம் பிள்ளைகள் ‘வந்தாங்க’வைப் பன்மைக்கு மட்டும் கேட்பதில்லை, தாத்தா, மாமா, டீச்சர் என்று மரியாதைக்காக நாள் முழுக்கக் கேட்கிறார்கள். ஆகவே இங்கே படர்க்கைப் பன்மை அரிதான வடிவமாக இருக்காது. எது அரிது என்பதை முதலில் பெரியவர்கள் பேச்சை எண்ணிக் கண்டுபிடியுங்கள். தாயின் பேச்சையும் அதே குறியீட்டில் எழுதினால்தான் அது முடியும். பலர் நேரம் மிச்சம் என்று அதை விட்டுவிட்டு, கடைசி மாதத்தில் மறுபடி எல்லாப் பதிவையும் கேட்கிறார்கள்.

நாலு வயதுக் குழந்தையும் வீட்டில் இருந்தால் இல்லாத வினையை வைத்து ஒரு சோதனை செய்யலாம். 1958இல் ஜீன் பெர்கோ ஆங்கிலத்தில் செய்ததன் தமிழ் வடிவம். தலையையும் ஒரு கையையும் சேர்த்து விசித்திரமாக ஆட்டிக் காட்டி, ‘இவன் தெனமும் கெபிக்கிறான். நேத்தும் இதேதான் செஞ்சான். நேத்து என்ன செஞ்சான்?’ என்று கேளுங்கள். ‘கெபிச்சான்’ என்றால் குடி, படி, அடி வகை அவன் கையில் இருக்கிறது. ‘தீபுறான்’ என்று இன்னொன்று கொடுத்தால் ‘தீபுனான்’ வர வேண்டும். நாலு வினைக்கு மேல் கேட்காதீர்கள், சலித்துவிடும். சரி, தப்பு என்று முகத்தில் காட்டாதீர்கள். நீங்கள் காட்டும் சைகை குதிப்பது போலவோ ஆடுவது போலவோ இருந்தால் குழந்தை ‘குதிச்சான், ஆடுனான்’ என்று தெரிந்த வினையைச் சொல்லிவிடும். அப்போது தவறு சைகையில். முன்னதாக ‘குடிக்கிறான், நேத்து?’ என்று நிஜ வினையில் ஒரு தடவை பழக்கிவிட்டுத் தொடங்கினால், கேள்வியே புரியாமல் விழிக்கிற தொல்லை குறையும்.